இருவர் மட்டுமே எஞ்சிய ஹொலஷோவிட்சே, பழைய ஊரமைப்பைக் காத்தது எப்படி?

கேள்வி

செக் நாட்டின் தென்பகுதியில் உள்ள ஹொலஷோவிட்சே என்ற சிற்றூரை யுனெஸ்கோ 1998இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக அறிவித்தது. இடைக்கால ஊரமைப்பு குலையாமல் இருப்பது அதற்கு முக்கியக் காரணம் என்கிறார்கள். ஆனால், 1520 முதல் 1525 வரை பரவிய கொள்ளைநோய்க்குப் பின் அங்கே இருவர் மட்டுமே உயிரோடு எஞ்சினர் என்றும் படித்தேன். படங்களில் காணும் வீடுகளோ 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவையாகத் தோன்றுகின்றன. அப்படியானால் இடைக்காலத்தது என்று அங்கே எதைச் சொல்வது? அந்நிலப்பகுதியைப் பற்றியும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

செஸ்கே புட்யெயோவிட்சே நகருக்கு மேற்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில், ஏரிகள் நிறைந்த தாழ்ந்த சமவெளியில் இவ்வூர் உள்ளது. அந்த ஏரிகளில் பல, மீன் வளர்ப்பதற்கென்றே பல நூற்றாண்டுகளுக்கு முன் வெட்டப்பட்டவை. தெற்கே பிளான்ஸ்கி லெஸ் என்னும் காட்டு மலைகள் எழுகின்றன; அவற்றுள் உயர்ந்த க்ளெத் சிகரம் 1,084 மீட்டர் உயரமுடையது.

ஆவணங்களில் ஊரின் பெயர் 1263இல் முதன்முதலாக வருகிறது. 1292இல் பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதியின்) மன்னர் இரண்டாம் வென்செஸ்லாஸ் அதை விஷ்ஷீ ப்ரோட் நகரிலுள்ள சிஸ்டர்சியன் துறவியர் மடத்துக்குக் கொடையாக அளித்தார். 1848 வரை அது அம்மடத்தின் உடைமையாகவே இருந்தது. உங்கள் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. கொள்ளைநோயில் குடிகள் மடிந்தார்களே தவிர, நிலத்துக்கு உரியவர் மாறவில்லை. மடம் பவேரியாவிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் ஆட்களை வரவழைத்துக் குடியமர்த்தியது. 1530இல் மக்கள்தொகை 17 ஆனது. வந்தவர்கள் புதிய ஊர் ஒன்றை வகுக்காமல், ஏற்கெனவே அளந்து பிரிக்கப்பட்டிருந்த மனைகளிலேயே குடியேறினார்கள்.

நடுவில் சுமார் 210 மீட்டர் நீளமும் 70 மீட்டர் அகலமும் கொண்ட புல்வெளித் திடல், அதில் ஒரு குளம், திடலைச் சுற்றி வரிசையாக மனைகள், ஒவ்வொரு மனைக்கும் பின்னால் நீண்டு செல்லும் நிலம் என்ற இந்த அமைப்பே இடைக்காலத்தது. கொள்ளைநோயில் இறந்தவர்களின் நினைவாக எழுப்பப்பட்ட தூண் ஒன்று திடலின் வடபகுதியில் நிற்கிறது.

மறுமொழி 2

முன்னவர் கூறியதோடு உடன்படுகிறேன். வீடுகளைப் பற்றி மட்டும் சேர்க்க விரும்புகிறேன். 1848இல் ஆஸ்திரியப் பேரரசில் பண்ணையடிமை முறை ஒழிந்ததால், உழவர்கள் தாம் உழுத நிலத்துக்குத் தாமே உரிமையாளர் ஆனார்கள். நாம் இன்று காணும் முகப்புகளில் பெரும்பாலானவை அதன்பின் கையில் சேர்ந்த பணத்தால், ஊர்ப்புறக் கொத்தர்களின் கைவேலையால் உருவானவை. நகரத்து மாளிகைகளிலும் தேவாலயங்களிலும் கண்ட பரோக் என்னும் அலங்காரக் கட்டடப் பாணியின் வளைவுகளை அவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் தம் போக்கில் வடித்தார்கள். ஒரு மனையைப் பார்த்தால், திடலை நோக்கி இரண்டு முக்கோணச் சுவர்களும் அவற்றை இணைக்கும் வளைவு வாயிலும் தெரியும்; ஒருபுறம் வீடு, மறுபுறம் தானியக் களஞ்சியம் அல்லது முதியோர் தங்கும் பகுதி, உள்ளே முற்றம், பின்கோடியில் வைக்கோல் கொட்டகை. திடலில் உள்ள நெப்போமுக் புனித யோவான் சிற்றாலயம் மட்டும் அவற்றுக்கு முந்தியது. அது 1755இல் கட்டப்பட்டது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அப்படியானால், மற்ற ஊர்களைப் போல 20ஆம் நூற்றாண்டில் இங்கே புதிய கட்டடங்கள் எழாமல் போனது ஏன்?

மறுமொழி 3

அதற்கான காரணம் துயரமானது. மடம் கொண்டுவந்த குடிகளின் வழிவந்ததால் இவ்வூர் நெடுங்காலம் ஜெர்மன் மொழி பேசும் ஊராகவே இருந்தது. 1895இல் அங்கே 157 ஜெர்மானியரும் 19 செக்கரும் வாழ்ந்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டபோது இந்த உழவர் குடும்பங்களும் மண்ணை விட்டுப் போக நேர்ந்தது. பல மனைகள் பூட்டிக் கிடந்து பாழடைந்தன. இடித்துக் கட்டுவதற்கு அங்கே ஆளும் இல்லை, தேவையும் இல்லை. ஆகவே பழைய சுவர்கள் தப்பின. இதைப் ‘பாதுகாப்பு’ என்று சுற்றுலா விளம்பரங்கள் எழுதும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. உண்மையான பாதுகாப்பு, 1990க்குப் பிறகு சீரமைப்பு நடந்து, மக்கள் மீண்டும் குடியேறியபோதுதான் தொடங்கியது. இன்று அங்கே ஏறத்தாழ 140 பேர் வசிக்கிறார்கள். நேரில் செல்பவர்கள் முகப்புகளைப் படம் பிடித்ததோடு திரும்பிவிடாமல், மனைகளின் பின்புறமும் நடந்து பாருங்கள். மடத்தின் காலத்து நிலப்பகுப்பு அங்கேதான் தெளிவாகத் தெரியும்.