பிரைமர் அடித்தாலே பானட்டில் பழைய பெயிண்ட் சுருங்குகிறது

வணக்கம். வண்டி 1998 மாருதி 800, வெள்ளை. திருச்சியில் ஷெட்டுக்குள் வைத்து நானே பெயிண்ட் அடிக்கிறேன். பானட்டிலும் ரூஃபிலும் டூ-கே பிரைமர் (ஹார்டனர் கலந்து அடிக்கும் அடிப்பூச்சு) பட்ட சில நிமிடங்களில், பட்டி வைத்த இடத்தின் ஓரமெல்லாம் சுருக்கம் விழுந்து பழைய பெயிண்ட் தூக்கிக்கொள்கிறது. நான்கு டோரிலும் அதே பிரைமர் அருமையாக உட்கார்ந்துவிட்டது.

2 ஹெச்.பி. கம்ப்ரசர், 1.8 நாசில் கன். பிரைமரும் ஹார்டனரும் டப்பாவில் போட்ட 4:1 அளவுதான்.

சுருங்கிய இடத்தைத் தேய்த்து எடுத்து, 320 வாட்டர் பேப்பர் போட்டு, நன்றாகக் காயவிட்டு மறுபடி அடித்தேன். சுருக்கம் அடுத்த ஓரத்துக்குத் தள்ளிப் போனதே மிச்சம். தின்னரைக் குறைத்து, முதல் கோட்டைத் தூவல் மாதிரி விட்டு, கோட்டுக்குக் கோட்டு 20 நிமிடம் இடைவெளி கொடுத்தும் பார்த்தாயிற்று. முதல் கோட் தாங்குகிறது, இரண்டாவது ஈரக் கோட்டில் தூக்குகிறது.

பஞ்சில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் நனைத்துத் தேய்த்தால் பானட்டில் கலர் பிசுபிசுவென்று கையோடு வருகிறது. டோரில் ஒன்றும் வருவதில்லை. ஆக, டோரில் இருப்பது கம்பெனி பெயிண்ட், பானட்டிலும் ரூஃபிலும் முன்பு யாரோ தின்னரில் கரையும் என்.சி. பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். பானட்டைக் கழற்றி பெயிண்ட் ரிமூவர் போடலாம். ரூஃபில் போட்டால் மழைநீர்க் காடிக்குள் ரிமூவர் தங்கிப் புதுப் பெயிண்டையும் தூக்கிவிடும் என்பதுதான் தயக்கம்.

இந்த என்.சி. பெயிண்ட் மேல் எபாக்ஸி பிரைமரை மெல்லிசாக அடித்து அடைத்தால் டூ-கே தாங்குமா, இல்லை ரூஃபையும் தகடு தெரியத் தேய்த்தே ஆக வேண்டுமா?