மொழிபெயர்ப்பு வராத விஷுவல் நாவல்கள்: எதைப் படித்தீர்கள், எப்படிப் படித்தீர்கள்?

நானே தொடங்கி வைக்கிறேன். படமும் இசையுமாகத் திரையில் படிக்கும் கதை விளையாட்டுகள்தான் விஷுவல் நாவல்கள். அவற்றில் ஆங்கிலத்தில் வராதவற்றையும், வருவதற்கு முன்பே நாம் ஜப்பானிய மொழியில் படித்து முடித்தவற்றையும் இங்கே எழுதுவோம். எந்தப் பதிப்பு, மொழி எவ்வளவு கடினம், எங்கே சிக்கிக்கொண்டீர்கள் என்று எழுதினால் அடுத்து வருபவருக்கு உதவியாக இருக்கும். கதையின் முடிச்சை மட்டும் தயவுசெய்து அவிழ்த்துவிடாதீர்கள்.

எனக்கு எல்லாம் ‘மஹோத்சுகாய் நோ யோரு’வில் தொடங்கியது. கினோகோ நாசு எழுதி, கோயாமா ஹிரோகாசு வரைந்தது. கணினிக்கு 2012 ஏப்ரலில் வந்தது. ஆங்கிலத்தில் வர 2022 டிசம்பர் ஆகிவிட்டது. அவ்வளவு காலம் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஒலியைக் குறிக்கும் ஹிரகானா, கதகானா எழுத்துகள் இரண்டும் தெரியும், பொருளைக் குறிக்கும் கான்ஜி எழுத்து சில நூறு தெரியும். அதை வைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

1980களின் பிற்பகுதியில், மிசாகி என்ற ஊரில் நடக்கும் கதை. குன்றின் மேல் ஒரு பழைய மாளிகை, அதில் இரண்டு சூனியக்காரிகள். மின்சாரமே இல்லாத மலையிலிருந்து இறங்கி வந்த சோஜூரோ என்ற பையனுக்குத் தொலைபேசி என்றால் என்னவென்று தெரியாது. ஊரில் காணும் ஒவ்வொன்றும் அவனுக்குப் புதிது. எனக்கு ஒவ்வொரு வரியும் புதிது. அதனாலேயே அவன் மேல் ஒட்டுதல் வந்தது.

ஆனால் 2012 பதிப்பில் குரல் கிடையாது. கான்ஜியைப் பார்த்தால் பொருள் புரிகிறது, எப்படி உச்சரிப்பது என்று தெரியவில்லை. நாசுவோ மந்திரத்துக்கே ‘மஜுத்சு’, ‘மஹோ’ என்று இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவரைக் கட்டி வைத்திருக்கிறார். அந்த வேறுபாடு பிடிபடாமல் பத்துப் பக்கம் போனால் திரும்பி வந்துதான் ஆகவேண்டும். இப்போது படிக்க நினைப்பவர்கள் 2022 பதிப்பை எடுங்கள். முழுக்கக் குரல் கொடுத்திருக்கிறார்கள், ஜப்பானிய எழுத்தும் அதிலேயே இருக்கிறது.

அதைப் படிக்கும்போதுதான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுத வந்தேன். வினைச்சொல்லோடு ‘ஷிமாவு’ சேர்ந்தால் என்ன பொருள் என்று ஆங்கில இலக்கணக் குறிப்பு ஒன்றில் தேடினேன். ‘முழுமையாக முடிந்தது’ என்றது, ‘வருத்தத்தோடு’ என்றது, ‘தவறுதலாக’ என்றது. மூன்றில் எதை எடுப்பது? அப்புறம் அந்த வரியை வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். ‘தபெதே ஷிமத்தா’ என்றால் ‘சாப்பிட்டுவிட்டான்’. அவ்வளவுதான். அந்த மூன்று பொருளும் நம் ‘விடு’வுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. ‘தபெதே மிரு’ என்றால் ‘சாப்பிட்டுப் பார்’. ‘மிரு’ என்பதற்கே பார் என்றுதான் பொருள். ‘கத்தே ஓகு’ என்றால் ‘வாங்கி வை’. ‘ஓகு’ என்றால் வை. ‘கிதா ஸோ தா’ என்றால் ‘வந்தானாம்’. நம் ‘ஆம்’ செய்கிற வேலையை அங்கே ‘ஸோ தா’ செய்கிறது.

ஓனோ சுசுமு என்ற அறிஞர் ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அந்த வழக்கு எப்படி முடிந்தாலும் நமக்குக் கவலையில்லை. வினை கடைசியில் வருவதும், பெயருக்கு முன்னால் நீளமாக அடைமொழி தொங்குவதும் நமக்குப் பழக்கமானவை. அதனால் ஜப்பானிய வரியை மனதுக்குள் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்த் தமிழுக்குத் திருப்பாதீர்கள். நேராகத் தமிழுக்கு வாருங்கள். என் வேகம் அதற்கு அப்புறம்தான் கூடியது.

ஒரு தவறையும் சொல்லிவிட வேண்டும். படித்த சூட்டில் கல்லூரித் தம்பி ஒருவனுக்கு இதையே முதல் நாவலாகப் பரிந்துரைத்தேன். எவ்வளவு அருமை என்று மணிக்கணக்கில் சொன்னேனே தவிர, அது படிப்பவனிடம் எவ்வளவு கேட்கும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் முன்னுரையோடு நிறுத்திவிட்டான். இன்றும் அது எனக்கு உறுத்தல்தான்.

*

அண்ணா, அந்தத் தம்பி நான்தான். முன்னுரை கூட முடியவில்லை என்பதுதான் உண்மை. எட்டு நாள் உட்கார்ந்தேன், நாற்பது ஐம்பது திரைகள் போயிருக்கும். ‘நமக்கு இது வராது’ என்று மூடி வைத்துவிட்டேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் மேல்தான் நம்பிக்கை போனது. ஒரு வருடம் ஜப்பானிய மொழிப் பக்கமே போகவில்லை.

என்னைத் திருப்பிக் கொண்டுவந்தது ‘கமாஇதாச்சி நோ யோரு’. சூப்பர் ஃபாமிகாம் விளையாட்டுக் கருவிக்கு 1994 நவம்பரில் வந்தது, எழுதியவர் துப்பறியும் கதை எழுத்தாளர் அபிகோ தகேமாரு. எனக்குக் கிடைத்தது 2002-இல் வந்த கேம் பாய் அட்வான்ஸ் பதிப்பின் பழைய கார்ட்ரிட்ஜ். அந்தக் கருவிக்கு நாட்டுக் கட்டுப்பாடு எதுவும் இல்லாததால் என்னிடம் இருந்ததிலேயே ஓடியது.

பனிப்புயலில் மாட்டிக்கொண்ட ஒரு மலை விடுதி. பெயர் ‘ஷுபூரு’. அது பனிச்சறுக்குத் தடத்தைக் குறிக்கும் ஜெர்மன் சொல் என்று தெரிந்துகொள்ளவே எனக்கு அரை மணி நேரம் ஆனது. நாகானோவின் ஹகுபாவில் இருக்கும் ஒரு உண்மையான விடுதியைப் படம் எடுத்துப் பின்னணியாக வைத்திருக்கிறார்கள். ஆட்களுக்கு முகமே கிடையாது, நீல நிற நிழலுருவம் மட்டும். முகம் இல்லாததால் யார் எப்படிப் பேசுகிறார் என்பதில்தான் கவனம் போகும். ஒசாகாவிலிருந்து வந்த முதலாளி ஒருவர் இருக்கிறார், வாயைத் திறந்தாலே அந்தப் பக்கத்துக் கன்சாய் வட்டாரப் பேச்சு. நம் ஊரில் ஒருவர் ‘ஏலே’ என்றதும் திருநெல்வேலி என்று தெரிந்துவிடுவதைப் போல, மூன்றாவது முறை அவர் பேசும்போது பெயரைப் பார்க்காமலேயே கண்டுபிடித்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த மகிழ்ச்சி கொஞ்சநஞ்சம் இல்லை.

விடுதியில் ஒரு துண்டுச்சீட்டு கிடைக்கும். ‘கொன்யா, ஜூனிஜி, தரேகா கா ஷினு.’ இன்றிரவு 12 மணிக்கு யாரோ ஒருவர் சாவார். கான்ஜியே இல்லாமல், குழந்தை எழுதியதைப் போல. அகராதியைத் தொடாமல் நான் முழுதாகப் படித்த முதல் வரி அதுதான். புரிந்ததும் முதுகு சில்லிட்டது. மொழிபெயர்ப்பில் படித்திருந்தால் இது நடந்திருக்குமா என்று தெரியவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டி அந்தச் சாவுக்கு நானே போய்ச் சேர்ந்தேன்.

கடினமும் உண்டு. திரை மொத்தமே 240-க்கு 160 புள்ளிதான். ‘காகி’, அதாவது சாவி என்ற கான்ஜியில் 17 கோடுகள். அந்தச் சின்னத் திரையில் அது ஒரு கறுப்புக் கட்டியாகத்தான் தெரியும். கொலைக்கதையில் சாவி வராத பக்கம் உண்டா? கடைசியில் அந்தக் கட்டியின் வடிவத்தையே மனப்பாடம் செய்துவிட்டேன்.

கொலையாளி யார் என்று கேட்கும் இடத்தில் பட்டியல் எதுவும் காட்ட மாட்டார்கள். எழுத்துப் பலகை வரும், பெயரை நீங்களே ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட வேண்டும். ஊகித்துத் தப்பிக்க வழியே இல்லை. இரண்டு முறை தவறாகத் தட்டினேன், ஒவ்வொருவராகச் செத்தார்கள். மூன்றாவது முறை, இரண்டு மாதம் குறித்து வைத்த நோட்டை முதலிலிருந்து படித்துவிட்டுத் தட்டினேன். சரியாக இருந்தது.

2014-இல் கைபேசிக்கு ஆங்கிலப் பதிப்பு ஒன்று வந்தது. அதில் கதையைக் கனடாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கமாஇதாச்சி என்பது சுழல்காற்றில் வந்து அரிவாளால் கீறியதைப் போலக் காயம் செய்யும் ஜப்பானியப் பேய். அதன் இடத்தில் அயர்லாந்துப் பேய் வந்துவிட்டது. தலைப்பே போனால் அப்புறம் என்ன இருக்கிறது? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்: குட்டி வாக்கியங்கள், அன்றாடப் பேச்சு, முதல் தடவை சீக்கிரம் முடிந்துவிடும், மறுபடி படிக்கும்போது அதே வரிகள் திரும்ப வருவதால் மொழியும் தங்கும்.

*

தம்பிகள் இருவரும் பையன்கள் பக்கத்திலிருந்தே எழுதுகிறீர்கள். நான் ஓதோமே விளையாட்டுகளின், அதாவது பெண்களுக்காகச் செய்யும் காதல் கதை விளையாட்டுகளின் வாசகி. இந்த வகையே 1994-இல் கோயெய் நிறுவனத்தின் ‘ரூபி பார்ட்டி’ என்ற பெண்கள் குழு செய்த ‘ஆஞ்செலிக்’கில்தான் தொடங்கியது. என் மனத்துக்கு நெருக்கமானது அதே குழுவின் ‘ஹருகனாரு தோகி நோ நகா தே 3’, பிளேஸ்டேஷன் 2-க்கு 2004 டிசம்பரில் வந்தது.

தலைப்பிலேயே ஒரு அழகு இருக்கிறது. ‘தோகி’ என்று படிக்கிறோம், அதாவது காலம். எழுதியிருப்பதோ ‘காலவெளி’ என்று பொருள் தரும் இரண்டு கான்ஜி. காதுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று.

1180 முதல் 1185 வரை ஜப்பானில் கென்ஜி, ஹெய்கே என்ற இரண்டு குலங்களுக்கு நடுவில் நடந்த போரைப் போன்ற ஓர் உலகத்துக்குள் நோசோமி என்ற பள்ளி மாணவி போய் விழுகிறாள். இதைச் சொன்னால் முடிச்சு அவிழாது, ஏனென்றால் கதையே அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது: முதல் முறை எல்லோரும் அழிந்துபோக, அவள் மட்டும் வீடு திரும்பிவிடுகிறாள். வெள்ளை டிராகனின் செதில் ஒன்றைக் கொண்டு காலத்தைத் திருப்பிப் பின்னால் போகிறாள். அவளுக்கு எல்லாம் நினைவிருக்கிறது, சுற்றி இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. முன்பு உயிருக்கு உயிராகப் பழகியவன் ‘நீங்கள் யார்?’ என்று மரியாதையாகக் கேட்கும்போது, அந்த மரியாதைதான் வலிக்கும். ஆங்கிலத்தில் ஒரே ‘யூ’வை வைத்துக்கொண்டு அந்த வலியைக் காட்டுவது கடினம். நீ, நீங்கள் என்று பேசி வளர்ந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மொழி கடினம்தான். போர்ச் சொற்கள், பட்டப்பெயர்கள், பழைய பாணிப் பேச்சு. படிப்பதற்கு முன் அந்தப் போரின் வரலாற்றை ஒருமுறை படித்துவிடுங்கள். கென்ஜித் தளபதி யோஷித்சுனே யார், அவருக்குப் பின்னால் என்ன ஆனது என்று தெரிந்திருந்தால் பாதிப் பயம் ஏற்கெனவே உங்களுக்குள் இருக்கும். குரல் இருப்பதால் காது உதவும்.

கணினியில் படிப்பவர்களுக்கு ஒன்று. எழுத்துக்குப் பதில் கேள்விக்குறியும் கிறுக்கலுமாக வந்தால் பயப்படாதீர்கள், விண்டோஸின் மொழி அமைப்பை ஜப்பானுக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். டெக்ஸ்ட்ராக்டர் என்ற மென்பொருள் திரையில் வரும் வரியை எடுத்துக் கொடுக்கும், யோமிதான் என்ற உலாவி அகராதி பொருள் காட்டும். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தட்டிப் பார்க்காதீர்கள். ஒரு திரைக்கு இரண்டு சொல் என்று நான் எனக்கு வரம்பு வைத்திருக்கிறேன். மற்றவை தாமாகத் திரும்ப வரும்.

*

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அந்தப் போரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். தம்பி, நீ திரும்பி வந்ததை நீயே எழுதியதில் எனக்கு ரொம்ப நிம்மதி.

இப்போது நான் படித்துக்கொண்டிருப்பதைச் சொல்கிறேன். ‘மாச்சி’. தெரு, ஊர் என்று பொருள். 1998 ஜனவரியில் சாட்டர்ன் விளையாட்டுக் கருவிக்கு வந்தது, நான் வைத்திருப்பது 2006-இல் பி.எஸ்.பி. கைக்கருவிக்கு வந்த பதிப்பு. தோக்கியோவின் ஷிபுயா பகுதியில் நடக்கும் கதை. பலரும் இதே ஷிபுயாவில் நடக்கும் ‘428’ என்ற விஷுவல் நாவலை அறிந்திருப்பீர்கள், அது ஆங்கிலத்தில் 2018-இல் வந்தது. அதற்கு அண்ணன் இது. இதை யாரும் அதிகாரபூர்வமாக மொழிபெயர்க்கவில்லை.

ஷிபுயாவில் ஐந்து நாள், எட்டுப் பேர். ஓவியம் இல்லை, உண்மையான நடிகர்களை வைத்து எடுத்த புகைப்படங்கள். ஒருவர் எடுக்கும் சின்ன முடிவு, தெருவின் மறுகோடியில் முகமே அறியாத இன்னொருவரின் கதையை முடித்துவிடும். அங்கே தாவிப் போய் இவரைத் திருத்தினால்தான் அவர் பிழைப்பார். ஒருவரையொருவர் அச்சில் வார்த்ததைப் போல இருக்கும் ஒரு ரவுடியும் ஒரு நடிகரும் இடம் மாறிவிடுகிறார்கள். ரவுடியின் பெயர் உஷியோ, நடிகரின் பெயர் உமாபே. முதல் பெயரின் கான்ஜியில் மாடு இருக்கிறது, இரண்டாவதில் குதிரை. உடம்பு இளைக்கத் துடிக்கும் ஹோசோய் யோஷிகோவின் குடும்பப் பெயரை ‘ஒல்லி’ என்றும் கேட்கலாம். இவற்றை எந்த மொழிபெயர்ப்பாளர் எப்படிக் கொண்டுவருவார்?

படிப்பவருக்கு இதில் ஒரு பெரிய உதவி உண்டு. நிறம் மாறியிருக்கும் சொல்லை அழுத்தினால் அதற்கு விளக்கம் வரும், ஜப்பானிய மொழியிலேயே. ஊர்ப் பேச்சு, அந்தக் கால ஃபேஷன், ஷிபுயாவின் மூலைமுடுக்கு என்று எல்லாவற்றுக்கும். ஜப்பானியச் சொல்லுக்கு ஜப்பானிய மொழியிலேயே பொருள் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது இதனால்தான். ஆனால் முதல் நாவலாக யாரும் எடுக்காதீர்கள். எட்டுப் பேரும் எட்டு நடையில் பேசுகிறார்கள். தம்பி சொன்ன பனி விடுதியை முடித்துவிட்டு வாருங்கள்.

நேற்றிரவு நான்காம் நாளை முடித்தேன். ஐந்தாம் நாளை இன்னும் தொடவில்லை. முடித்தவர்கள் யாராவது இருந்தால் யோஷிகோவுக்கு என்ன ஆனது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.