வடக்கு ஒரே மாதிரி வாக்களிப்பதில்லை: 2024இல் ரயிலேறிப் போய்க் கேட்டவை

"வடக்கே எல்லாரும் ஒரே மாதிரிதான் ஓட்டுப் போடுவார்கள்" என்று நம் ஊரில் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். 2024 மக்களவைத் தேர்தலில் ஏப்ரல் 19 அன்று இங்கே வாக்களித்துவிட்டு, பிறகு ரயிலேறி மகாராஷ்டிரம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், வங்காளம் என்று சுற்றி வந்தேன். ஏழு கட்டமாக ஜூன் 1 வரை தேர்தல் நீண்டது எனக்கு வசதியாகப் போயிற்று. வங்கி வேலையில் நாக்பூரில் இருந்தபோது பழகிய இந்தி கைகொடுத்தது.

"யாருக்கு ஓட்டு?" என்று எவரிடமும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் பாதிப் பேர் வாயைத் திறக்க மாட்டார்கள், மீதிப் பேர் டிவியில் கேட்டதை ஒப்பிப்பார்கள். "தொழில் எப்படிப் போகிறது, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்?" என்று ஆரம்பித்தால் போதும், அரசியல் தானாக வந்து சேரும்.

முதலில் இறங்கியது நாசிக் மாவட்டத்து லாசல்காவ், நாட்டின் மிகப் பெரிய வெங்காயச் சந்தை. டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கின்றன. வியாபாரிகள் கூட்டமாக ஒவ்வொரு வண்டியாக வந்து, கையால் அள்ளி, தோலை உரசிப் பார்த்து, குவிண்டாலுக்கு இவ்வளவு என்று கூவுகிறார்கள். சில நிமிடங்களில் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுகிறார்கள். மாதக்கணக்கான பாடு அதற்குள் முடிவாகிவிடுகிறது.

அங்கே பேசிய விவசாயி 2014இலும் 2019இலும் தாமரைக்கு வாக்களித்தவர். 2023 டிசம்பரில் மத்திய அரசு வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. 2024 ஏப்ரல் கடைசியில் குஜராத்தின் வெள்ளை வெங்காயம் 2,000 டன்னுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. மே 4 அன்று தடையை எடுத்தபோதும் 40 சதவீத வரி தொடர்ந்தது. இதையெல்லாம் அவர் தேதியோடு சொன்னார். "வெளிநாட்டில் நம் மதிப்பை உயர்த்தியவர் மோடி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தாயீ, என் வெங்காயம் மட்டும் வெளிநாடு போகக் கூடாதா? வருஷத்துக்கு 6,000 ரூபாய் கணக்கில் போடுகிறார்கள். தடை வந்த பிறகு ஒரே வண்டியில் அதைவிட அதிகம் இழந்தேன்." அவர் வாக்களிக்கவிருந்த திண்டோரி தொகுதியில் பாஜகவின் மத்திய இணையமைச்சர் பாரதி பவார் தோற்றார்.

அடுத்து ராஜஸ்தானின் சிகர். ஊருக்கு ஊர் ராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஷேகாவாட்டிப் பகுதி அது. நான் தங்கிய வீட்டில் அப்பா ஓய்வுபெற்ற சுபேதார். மகனின் ஓட்டக் காலணி கதவருகே ஆணியில் தொங்கியது. ராணுவத் தேர்வுக்கான 1,600 மீட்டர் ஓட்டத்துக்காக விடியற்காலையில் ஓடிக்கொண்டிருந்தவன், 2022இல் அக்னிபத் என்ற புதிய ஆள்சேர்ப்புத் திட்டம் வந்ததும் விட்டுவிட்டான். நான்கு ஆண்டு வேலை, அதன் பிறகு நூற்றில் 25 பேர் வரைதான் நீடிப்பார்கள், மற்றவர்களுக்கு ஓய்வூதியமும் கிடையாது. "வாழ்நாள் முழுக்க ஃபௌஜி (ராணுவ வீரன்) என்று சொல்லிக்கொள்ளும் கௌரவத்தையே எடுத்துவிட்டார்கள்" என்றார் அப்பா. இருந்தாலும் அவர் வாக்கு மோடிக்குத்தான். எல்லையில் எதிரி பயப்படுகிறான் என்பது அவருக்குப் பெரிய விஷயம். மகன் அரிவாள் சுத்தியலுக்குப் போட்டிருந்தான். இருவரும் என் முன்னாலேயே குரலை உயர்த்திச் சண்டையிட்டார்கள். அம்மா ரொட்டி போட்டுக்கொண்டே சொன்னார்: "நான் யாருக்குப் போட்டேன் என்று இவர்கள் இரண்டு பேருக்குமே சொல்லவில்லை."

அங்கே வென்றவர் மார்க்சிஸ்ட் கட்சியின் அம்ரா ராம், 2017இல் சிகர் விவசாயிகள் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர். அந்தத் தேர்தலில் நாடு முழுவதும் மார்க்சிஸ்ட் கட்சி வென்றது நான்கே இடங்கள். மதுரை, திண்டுக்கல், கேரளத்தின் ஆலத்தூர், நான்காவதாக இந்த ராஜஸ்தான் தொகுதி. வடக்கு என்றாலே ஒரே நிறம் என்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அயோத்தி. சுமார் 13 கிலோமீட்டருக்கு ராம் பாதையை அகலப்படுத்தியதில் ஏராளமான கடைகளை இடித்திருந்தார்கள். ஒரு பூஜைப் பொருள் கடையில் முன்பாதி போய், மிஞ்சிய இடத்தில் ஒருவர் நிற்கலாம், இருவர் நிற்க முடியாது. இழப்பீடு போதவில்லை என்று கடைக்காரர் நெடுநேரம் பொருமினார். கடைசியில், "ராமர் தன் வீட்டுக்கு வந்துவிட்டார். என் தாத்தா இதைப் பார்க்காமலே செத்தார். என் ஓட்டு தாமரைக்குத்தான்" என்றார். கண் கலங்கியிருந்தது. இழப்பைக் கணக்குப் போட்டுத்தான் மக்கள் வாக்களிப்பார்கள் என்று நம்புகிறவர்கள் அவரைச் சந்திக்க வேண்டும்.

நகரத்துக்கு வெளியே ஒரு கிராமத்தில், பாசி என்ற தலித் சமூகத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளி ஒருவர் வேறு பயத்தில் இருந்தார். பாஜகவுக்கு 400 இடம் கிடைத்தால் அரசியல் சட்டத்தையே மாற்றிவிடுவார்கள் என்ற பேச்சு அவர் தெருவரை வந்திருந்தது. "மாதம் ஆளுக்கு ஐந்து கிலோ ரேஷன் வாங்குகிறோம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் மகன் படித்ததே பாபாசாகேப் எழுதி வைத்ததால்தான்." மகன் அந்த ஆண்டு பிப்ரவரியில் காவலர் தேர்வு எழுதியிருந்தான். சுமார் 48 லட்சம் பேர் விண்ணப்பித்த தேர்வு, வினாத்தாள் கசிந்து ரத்தானது.

அயோத்தி அடங்கிய ஃபைசாபாத் பொதுத் தொகுதியில் சமாஜ்வாதி நிறுத்திய தலித் வேட்பாளர் அவதேஷ் பிரசாத் 54,000க்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். உடனே சமூக ஊடகங்களில் அயோத்தி மக்களை நன்றிகெட்டவர்கள் என்று வசைபாடினார்கள். அயோத்தி சட்டமன்றப் பகுதியில் பாஜகதான் முன்னிலை, பின்தங்கியது மற்ற நான்கு பகுதிகளில். பாதிக் கடையை இழந்தும் தாமரைக்குப் போட்ட அந்த மனிதரும் அந்த வசையைக் கேட்டிருப்பார் என்பது இன்றும் என்னை வருத்துகிறது.

கடைசியாக வங்காளத்தில் கேனிங்கிலிருந்து சியால்தா போகும் அதிகாலை லோக்கல், பெண்கள் பெட்டி. கொல்கத்தா வீடுகளில் வேலை செய்யும் பெண்கள் தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வருகிறார்கள். பேச்சு முழுக்க லக்ஷ்மீர் பண்டார், அதாவது பெண்களின் கணக்கில் மாநில அரசு 2024இல் போட்டுவந்த மாதம் 1,000 ரூபாய் (பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கு 1,200). நம் ஊரிலும் 2023 செப்டம்பரிலிருந்து தகுதியுள்ள பெண்களுக்கு மாதம் 1,000 வருகிறது என்றதும் என்னைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்தார்கள். இளம்பெண் ஒருத்தி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "தீதி, அந்த ஆயிரத்துக்குப் பதிலாக என் கணவனுக்கு இங்கேயே வேலை கொடுக்கட்டும். அவர் கேரளாவில் கட்டட வேலை செய்கிறார், வருஷத்துக்கு ஒருமுறைதான் வருகிறார்." பக்கத்தில் இருந்த மூதாட்டி சட்டென்று திரும்பினார்: "பத்து ரூபாய்க்கு மருமகளிடம் கையேந்தி நின்றால்தான் அந்த ஆயிரத்தின் அருமை தெரியும்." பெட்டியே இரண்டாகப் பிரிந்து சியால்தா வரை வாதிட்டது.

பஞ்சாபுக்கும் மணிப்பூருக்கும் என்னால் போக முடியவில்லை. அந்தப் பக்கம் போய்ப் பேசியவர்கள் எழுதுங்கள். கட்சிக் கணக்கு வேண்டாம், எந்த வீட்டில் உட்கார்ந்தீர்கள், அவர்கள் எதைப் பற்றி முதலில் பேசினார்கள் என்று எழுதுங்கள்.