புல் ரிக்வெஸ்டில் சில வரிகள்தான் மாற்றினேன், முழுக் கோப்பும் மாறியதாகக் காட்டுகிறது: உதவி தேவை

வியாசை பையன்:
வணக்கம். வியாசர்பாடியில் இருக்கிறேன், கல்லூரி மூன்றாம் ஆண்டு. பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம் தேடித் தரும் ஓப்பன் சோர்ஸ் செயலி ஒன்று, பைத்தானில் எழுதியது. அதில் பெரம்பூர், ராயபுரம், தண்டையார்பேட்டை என்று தமிழில் தேடினால் உடனே வருகிறது. திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை, கொடுங்கையூர், விம்கோ நகர் என்று தேடினால் ஒன்றுமே வருவதில்லை. ஆங்கிலத்தில் டைப் செய்யத் தெரியாதவர்கள் எங்கள் பக்கம் நிறைய பேர். அவர்களுக்காகவாவது இதைச் சரிசெய்ய வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

வராத பெயர்களில் எல்லாம் ஒகரமோ ஓகாரமோ இருக்கிறது. செயலியின் தரவில் 'கொ' என்பது க, ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று துண்டு. நம் ஃபோன் கீபோர்டு அடிப்பதோ க, அப்புறம் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடு. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பைத்தானில் நீளம் கேட்டால் ஒன்றுக்கு 3, மற்றதற்கு 2 என்கிறது. தேடும் சொல்லை என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது துண்டுகளைச் சேர்த்து ஒரே குறியீடாக்கும் யூனிகோடு வடிவத்துக்கு, மாற்றும் வரிகளைச் சேர்த்தேன்.

ஆனால் என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்டு கிட்ஹப்பில் அனுப்பிய புல் ரிக்வெஸ்டில், எல்லா வரியையும் நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்த்ததுபோல, கோப்பு முழுவதும் சிவப்பும் பச்சையுமாக இருக்கிறது. டிசிஓ சோதனையும் (கமிட்டில் உறுதிமொழி வரி இருக்கிறதா என்று பார்ப்பது) தோல்வி. 'இப்படி இருந்தால் ரிவ்யூ செய்ய முடியாது, தேவையான மாற்றம் மட்டும் இருக்கட்டும்' என்று செயலியைப் பராமரிக்கும் மெயின்டெய்னர் எழுதியிருக்கிறார். என்னுடையது விண்டோஸ் லேப்டாப். இதை மூடிவிட்டுப் புதிதாக ஒன்று திறக்கலாமா?

ராயபுரம் செல்வி:
மூடாதீர்கள் தம்பி. அவர் கேட்ட கேள்வி, உங்கள் பதில் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. புதிதாகத் திறந்தால் அவர் முதலிலிருந்து படிக்க வேண்டும்.

இது வரி முடிவுச் சிக்கல். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று இருக்கும். லினக்ஸில் அது எல்எஃப், விண்டோஸில் சிஆர்எல்எஃப். உங்கள் எடிட்டர் சேமிக்கும்போது எல்லா வரியையும் மாற்றியிருக்கும். மாற்றங்களைக் காட்டும் கிட் டிஃப் கட்டளையோடு, இடைவெளி வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காத 'மைனஸ் டபிள்யூ' போட்டுப் பாருங்கள். உங்கள் வரிகள் மட்டும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். விஎஸ் கோடு என்றால் வலப்பக்கம் அடியில் சிஆர்எல்எஃப் என்று இருக்கும், அதை அழுத்தி எல்எஃப் ஆக்குங்கள். கிட் அமைப்பில் ஆட்டோசிஆர்எல்எஃப் மதிப்பை 'இன்புட்' என்று வையுங்கள்.

மாற்றம் சின்னது என்பதால் பழைய கமிட்களைத் திருத்தி அடுக்கும் ரீபேஸில் மல்லுக்கட்ட வேண்டாம். இப்போதைய கிளையை வேறு பெயரில் நகலெடுத்து வைத்துக்கொண்டு, அப்ஸ்ட்ரீமை (செயலியின் மூலக் களஞ்சியம்) ஃபெட்ச் செய்து, உங்கள் கிளையை அதன் மெயின் கிளைக்கு ஹார்டு ரீசெட் செய்யுங்கள், உங்கள் மாற்றங்கள் நீங்கி அது மெயின்போலவே ஆகிவிடும். அந்தச் சில வரிகளைத் திரும்ப எழுதி கமிட் போடுங்கள். அதற்குப் பிறகுதான் புஷ். கமிட் இல்லாத கிளையைப் புஷ் செய்தால் கிட்ஹப் அந்த ரிக்வெஸ்டைத் தானாக மூடிவிடும். வெறும் ஃபோர்ஸ் வேண்டாம், நீங்கள் பார்க்காத மாற்றம் அங்கே இருந்தால் அதை அழிக்காமல் நிறுத்தும் 'ஃபோர்ஸ் வித் லீஸ்' போடுங்கள்.

டிசிஓவுக்கு கமிட் கட்டளையில் சின்ன எஸ். பெரிய எஸ் போட்டால் அது ஜிபிஜி கையெழுத்து, வேறு விஷயம். டிசிஓ ஏற்பாடு 2004-இல் லினக்ஸ் கெர்னலில் வந்தது. 'இந்த நிரலைத் தர எனக்கு உரிமை இருக்கிறது' என்று நீங்கள் தரும் உறுதிமொழி அது, அதனால் பெயரும் மின்னஞ்சலும் கமிட்டில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும்.

காலடிப்பேட்டை மணி:
செல்வி அக்கா சொன்னபடியே செய்யுங்கள் ப்ரோ. ஆனால் தேடும் சொல்லை மட்டும் மாற்றினால் போதாது. தரவு மூன்று துண்டாகவே இருந்தால் எப்படிப் பொருந்தும்? அதையும் இன்டெக்ஸ் செய்யும் (தேடலுக்காகப் பட்டியலிடும்) இடத்தில் மாற்ற வேண்டும். ஒருமுறை தரவைச் சுத்தம் செய்துவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு உடன்பாடில்லை. நாளைக்கே பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பட்டியல் ஒன்று உள்ளே வந்தால் மறுபடி இதே கதைதான்.

ஒரு டெஸ்டும் கட்டாயம் எழுதுங்கள். அதில் 'கொ' என்று நேரடியாக அடிக்காமல் யூனிகோடு எண்ணை எஸ்கேப் வடிவில், அதாவது எழுத்துக்குப் பதில் அதன் எண்ணாகவே, கொடுங்கள். இல்லையென்றால் ரிவ்யூ செய்பவர் இரண்டு 'கொ'வைப் பார்த்து ஏன் ஒன்றையே இரண்டு முறை எழுதியிருக்கிறார் என்று குழம்புவார்.

வியாசை பையன்:
அக்கா, அண்ணா, இருவருக்கும் ரொம்ப நன்றி. இப்போது டிஃபில் என் வரிகளும் டெஸ்டும் மட்டும்தான். டிசிஓ பச்சை. இன்டெக்ஸிலும் சேர்த்துவிட்டேன், திருவொற்றியூர் வருகிறது. சௌகார்பேட்டை மட்டும் இன்னும் வரவில்லை. அதையும் இதிலேயே சரிசெய்யட்டுமா?

ராயபுரம் செல்வி:
தரவில் அந்தப் பெயரை ஒவ்வொரு குறியீடாகப் பிரித்துப் பாருங்கள். ஔகாரக் குறியீட்டுக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் 'ள' எழுத்தும் இருக்கும் என்று நினைக்கிறேன், நிறைய பேர் அப்படித்தான் அடிக்கிறார்கள். என்எஃப்சி அதைத் தொடாது, ஏனென்றால் 'ள' தனி எழுத்து. கண்மூடித்தனமாக மாற்றினால் 'வெளியே' என்பதும் கெட்டுப்போகும். தனி இஷ்யூவாக (குறைப் பதிவாக) போடுங்கள், இந்த ரிக்வெஸ்டில் சேர்க்காதீர்கள். போட்டதும் இணைப்பை இங்கே கொடுங்கள், நானும் பார்க்கிறேன்.