கற்றல் கற்பித்தல் திட்டக் கூட்டங்களால் வகுப்பில் என்ன மாறியது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

இயற்பியல் ஆசிரியர், திருநெல்வேலி வட்டாரம்

பாடத்திட்டத்தையும் தேர்வையும் தானே வகுத்துக்கொள்ளும் எங்கள் தன்னாட்சிக் கல்லூரியில் அடுத்த ஐந்தாண்டுக்கான கற்றல் கற்பித்தல் திட்டம் தயாராகிறது. குழுவில் நானும் இருக்கிறேன். இதுவரை நடந்த பேச்சில் பெரும்பகுதி ஸ்மார்ட் போர்டு, இணையவழிப் படிப்பு, புதிய பட்டப்படிப்பு என்றே போனது. எல்லாம் தேவைதான். ஆனால் மாணவர்கள் படிக்கும் விதத்தையே மாற்றிய முடிவு எது என்று யோசித்தால், மதிப்பெண் பற்றி முன்பு எடுத்த ஒரு முடிவுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி தன்னாட்சிக் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவில் முன்னாள் மாணவர் ஒருவரும் இருக்க வேண்டும். எங்கள் துறைக்கு அப்படி வந்தவர், ஓசூரில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கும் பெண். செய்முறைப் பாடத்தில், உலோகச் சட்டத்தை வளைத்து அதன் விறைப்பை, அதாவது யங் குணகத்தை, அளக்கும் சோதனையைப் பற்றிப் பேசும்போது அவர் சொன்னார்: "சார், யங் குணகம் சோதனையில் எஃகுக்கு என்ன விடை வரணும்னு எங்களுக்கு முதல் நாளே தெரியும். வரலைன்னா ரீடிங்கை மாத்தி எழுதிடுவோம். இப்ப என் வேலையே, வந்த ரீடிங்கை அப்படியே எழுதி, அதுல எவ்வளவு பிழை இருக்கலாம்னு சொல்றதுதான்."

யாரும் மறுக்கவில்லை. சரியான விடைக்கும் ரெக்கார்டு நோட்டின் அழகுக்கும்தான் மதிப்பெண் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்திலேயே அதை மாற்றினோம். சோதனைகளின் எண்ணிக்கையைக் குறைத்தோம். எஃகு, பித்தளை, அலுமினியச் சட்டங்களுக்கு ஒரே நிறத்தில் பெயின்ட் அடித்து, என்ன உலோகம் என்று சொல்லாமல் கொடுத்தோம். விடை புத்தக மதிப்புக்கு எவ்வளவு நெருங்கியது என்பதற்கு மதிப்பெண் இல்லை. அப்சர்வேஷன் நோட்டில் அடித்துத் திருத்தாத அட்டவணைக்கும் பிழைக் கணக்குக்கும்தான் மதிப்பெண்.

யங் குணகத்தைக் கணக்கிடும்போது சட்டத்தின் தடிமனின் மும்மடியால் வகுக்கிறோம். ஆகவே தடிமனில் ஒரு சதவீதம் பிசகினால் விடை மூன்று சதவீதம் பிசகும். இதைக் கரும்பலகையில் நான் சொல்லாத ஆண்டே இல்லை. ஆனால் இந்த மாற்றத்துக்குப் பிறகுதான் தடிமனை அளக்கும் ஸ்க்ரூகேஜைச் சட்டத்தின் நாலைந்து இடங்களில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு மாணவர், "சார், பெயின்டோட தடிமனைக் கழிக்க வேண்டாமா?" என்று கேட்டார். ஆய்வகத்தில் இப்படி ஒரு கேள்வி வருவதற்காகத்தான் ஆசிரியர் வேலைக்கு வந்தேன்.

சிக்கல்களும் உண்டு. ஒவ்வொரு நோட்டையும் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கிறது, நேரம் இரட்டிப்பாகிறது. சோதனைகள் ஏன் குறைந்தன என்று வெளித் தேர்வாளர்கள் கேட்கிறார்கள். இருந்தாலும் பழைய முறைக்குத் திரும்பும் எண்ணம் துறையில் யாருக்கும் இல்லை.

உங்கள் இடத்தில் எப்படி?

---

கௌரவ விரிவுரையாளர், அரசுக் கல்லூரி

ஐயா, உங்கள் குழுவில் தற்காலிக ஆசிரியர்கள் யாராவது இருக்கிறார்களா? எங்கள் கல்லூரியும் தன்னாட்சிதான். முதலாண்டு வகுப்புகளில் பெரும்பாலானவற்றை எடுப்பது நாங்கள். தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து வரும் பிள்ளைகள் எந்தப் பாடத்தில் தடுமாறுகிறார்கள், எந்த வாரத்தில் வகுப்புக்கு வராமல் போகிறார்கள் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆனால் எங்களுக்கு ஆண்டுக்கு 11 மாதம்தான் சம்பளம், மே மாதம் கிடையாது. பாடத்திட்டம் திருத்தும் கூட்டம் இங்கே பெரும்பாலும் அந்த மே மாதத்தில்தான் நடக்கிறது.

ஒரே ஒரு முறை துறைத்தலைவர் என்னை அழைத்துக் கேட்டார். முதல் பருவத்தில் வைத்திருந்த புள்ளியியல் தாளை மூன்றாம் பருவத்துக்குத் தள்ளச் சொன்னேன். தள்ளினார்கள். முதலாண்டோடு படிப்பை விடுவது எங்கள் துறையில் அதற்குப் பிறகு குறைந்தது.

---

ஆங்கிலத் துறை, கோவை

2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. அடுத்த ஆண்டே ஒப்படைப்புக் கட்டுரைகள் எல்லாம் ஒரே குரலில் வரத் தொடங்கின. தடை செய்ய வேண்டும் என்று பலரும் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. புரியாத பத்தியை அதில் போட்டுத் தமிழில் விளக்கம் கேட்டுப் படிக்கும் மாணவிகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாதவர்கள் அவர்கள்.

கட்டுரையைக் கொடுத்த பிறகு ஐந்து நிமிடம் என் எதிரில் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று வைத்தேன். தமிழ் கலந்து பேசலாம். அக மதிப்பீட்டின் 25 மதிப்பெண்ணில் ஒரு பகுதி அதற்கு. அறுபது பேர் வகுப்பில் இது பெரிய சுமை, மறுக்கவில்லை. அதனால்தான் எதிர்காலத் திட்டம் என்று யார் பேசினாலும், ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்பதை முதலில் எழுதுங்கள் என்கிறேன்.

---

விரிவுரையாளர், இலங்கை வடபகுதி

எங்களுக்குத் திட்டமிட நேரம் கிடைக்கவில்லை, நெருக்கடிதான் எங்களைத் திட்டமிட வைத்தது. 2020இல், இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் இணைய வலையமைப்பான லேர்ன் ஊடாகப் பல்கலைக்கழக மாணவர்கள் டேட்டாக் கட்டணம் இல்லாமல் சூம் விரிவுரைகளில் சேர வசதி கிடைத்தது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது பஸ் இல்லாமல் மறுபடியும் அதே வழிக்குப் போனோம்.

நிலைமை சீரானதும் பதிவுசெய்த விரிவுரைகளைத் தொடர்ந்து வைத்திருப்பதா, எடுத்துவிடுவதா என்று பீடச் சபையில் நீண்ட விவாதம். மாணவர்களுக்குக் கட்டாயமான 80 சதவீத வரவு கெட்டுப்போகும் என்பது ஒரு தரப்பின் பயம். என் வகுப்பில் தமிழ் மாணவர்களும் சிங்கள மாணவர்களும் சேர்ந்து இருக்கிறார்கள், படிப்பது ஆங்கிலத்தில். நிறுத்தி நிறுத்தி இரண்டாம் தடவை கேட்கும்போதுதான் விளங்குகிறது என்று இரு தரப்புப் பிள்ளைகளும் சொன்னார்கள். அதைச் சபையில் சொன்னேன். பதிவுகள் இன்றும் இருக்கின்றன, வரவும் பெரிதாகக் குறையவில்லை.

---

முதுகலை மாணவி, விழுப்புரம் பக்கம்

ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஒன்றிய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான ஸ்வயம் வழியாகப் படிக்கலாம் என்று யுஜிசி 2021இல் விதி கொண்டுவந்தது. நல்ல விஷயம். ஆனால் இளங்கலையில் நான் என்பிடெல் (ஸ்வயத்தில் ஐஐடிகள் நடத்தும் படிப்புகள்) தேர்வுக்குக் கட்டிய 1000 ரூபாய், அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குத் தமிழக அரசு தரும் புதுமைப் பெண் உதவித்தொகையில் எனக்கு வந்த ஒரு மாதத் தொகை. தோற்றால் அந்தப் பணம் போச்சு. வீட்டில் தனியாகப் பார்த்தபோது மூன்றாவது வாரமே விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு மேடம் சனிக்கிழமைகளில் கணினி ஆய்வகத்தைத் திறந்து எங்களை ஒன்றாக உட்காரவைத்துப் பாடம் பார்க்கச் சொன்னார். சந்தேகத்தை அங்கேயே பேசிக்கொள்வோம். அந்தக் குழுவில் எல்லோரும் முடித்தோம். அந்த மேடத்துக்கு அது பணி நேரக் கணக்கில் வரவில்லை. திட்டம் போடுகிறவர்கள் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

---

இயற்பியல் ஆசிரியர், திருநெல்வேலி வட்டாரம்

நன்றி. கௌரவ விரிவுரையாளர் கேட்டதற்குப் பதில்: இல்லை, எங்கள் குழுவில் தற்காலிக ஆசிரியர் ஒருவர்கூட இல்லை. கூட்டத்தை ஜூன் மாதத்துக்குத் தள்ளி, முதலாண்டு வகுப்பெடுக்கும் தற்காலிக ஆசிரியர்களையும் அழைக்க வேண்டும் என்று முதல்வருக்கு இன்று கடிதம் எழுதியிருக்கிறேன். சனிக்கிழமை வகுப்பைப் பணி நேரத்தில் சேர்ப்பது பற்றியும் அதில் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.