பிரையன் கிளஃப் ஆடிய காலத்து வீடியோ யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களே, ஒரு உதவி. கிளஃப் என்றாலே நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கால்பந்து அணியின் மேனேஜராக 1979, 1980 என அடுத்தடுத்து ஐரோப்பியக் கோப்பை வாங்கியதைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான், ஆனால் அதற்கு முன்னால் மிடில்ஸ்பரோ, சண்டர்லாந்து அணிகள் இரண்டுக்கும் சேர்த்து 274 லீக் ஆட்டங்களில் 251 கோல் அடித்த மனுஷன் அவர். அப்படிப்பட்டவரை இங்கிலாந்து அணியில் இரண்டே ஆட்டம்தான் ஆட விட்டார்கள், அது எனக்கு இன்னும் ஆறவில்லை. 1962 டிசம்பர் 26 அன்று பரி (Bury) அணியின் கோல்கீப்பரோடு மோதி முழங்கால் போனது. அப்புறம் 30 வயதிலேயே ஹார்ட்லிபூல்ஸ் அணியின் மேனேஜர்.

கோலுக்கு முன்னால் இருக்கும் பெனால்டி பெட்டிக்குள் அவர் எப்படி இடம் பிடிப்பார், எந்தக் காலால் அடிப்பார் என்று கண்ணால் பார்க்க வேண்டும். பழைய செய்திப்படத் துண்டு கிடைத்தாலும் போதும், இணைப்பு கொடுங்கள். சண்டர்லாந்து காலத்தது என்றால் ரொம்ப சந்தோஷம்.