படம் பார்க்கக் கற்றுக்கொடுப்பது எப்படி?

கரித்துண்டு:
எட்டாம் வகுப்புக்கு ஓவியம் நடத்துகிறேன். பிள்ளைகள் கைப்பேசியில் படத்தை வெட்டுகிறார்கள், நிறம் மாற்றுகிறார்கள், செயற்கை நுண்ணறிவைக் கேட்டு நொடியில் படம் வரவழைக்கிறார்கள். ஆனால் ஒரு படத்தைக் காட்டி "என்ன தெரிகிறது?" என்றால், "நன்றாக இருக்கிறது சார்" என்பதோடு சரி. போலிப் படங்களைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுங்கள் என்கிறார் தலைமையாசிரியர். எங்கிருந்து தொடங்குவது?

பழைய தூரிகை:
போலியிலிருந்து தொடங்காதீர்கள். செயற்கை நுண்ணறிவு வரைந்த கையில் தவறாக ஆறு விரல் இருக்கிறதா என்று எண்ணுவதைப் பாடமாக்கினால், மென்பொருளின் அடுத்த பதிப்பு வந்ததுமே பாடம் காலாவதி. முதலில் கண் ஓரிடத்தில் நிற்கப் பழக வேண்டும்.

ஹோல்பைன் 1533-இல் தீட்டிய 'தூதுவர்கள்' ஓவியத்தைத் திரையில் போட்டுவிட்டு நான் வாயை மூடிக்கொள்வேன். இரண்டு கனவான்கள், நடுவே கருவிகள், காலடியில் சாய்ந்து நீண்டு கிடக்கும் ஏதோ ஒன்று. "மீன்" என்பான் ஒருவன், "மரக்கட்டை" என்பாள் இன்னொருத்தி. "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்பதைத் தவிர நான் வேறெதுவும் கேட்பதில்லை. பிறகு ஒவ்வொருவராகத் திரையின் வலது ஓரத்துக்குப் போய்ப் பக்கவாட்டில் பார்க்கச் சொல்வேன். மண்டையோடு! அதற்குப் பிறகு யாரும் சும்மா இருப்பதில்லை. வீணை போன்ற அந்த வாத்தியத்தில் ஒரு தந்தி அறுந்திருப்பதைச் சென்ற ஆண்டு ஒரு மாணவி தானாகவே கண்டுபிடித்தாள். நான் வாய் திறந்திருந்தால் அது நடந்திருக்காது.

இருட்டறை:
ஓவியத்தோடு நிறுத்த வேண்டாம். கிரிமியப் போரின்போது, 1855-இல், ரோஜர் ஃபென்டன் ஒரே பள்ளத்தாக்கை ஒரே இடத்திலிருந்து இரண்டு முறை படமெடுத்தார். ஒன்றில் சாலையெங்கும் பீரங்கிக் குண்டுகள்; மற்றதில் சாலை வெறுமையாக இருக்கிறது. எது முதலில் எடுத்தது, குண்டுகளை யாராவது இடம் மாற்றினார்களா என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். படத்தின் மீதான சந்தேகம் கணினியோடு பிறந்ததல்ல என்பது தானாகப் புரியும்.

கரித்துண்டு:
மிக்க நன்றி. இதற்கெல்லாம் மதிப்பெண் எப்படிப் போடுவது?

பழைய தூரிகை:
ரசனைக்குப் போடாதீர்கள். 'ட' வடிவில் வெட்டிய இரண்டு அட்டைகளைக் கொடுத்து, ஒரே செய்திப் படத்தை இரண்டு விதமாகச் சட்டமிடச் சொல்லுங்கள். தாளின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் கண்ணால் கண்டது, வலப்பக்கம் அதிலிருந்து ஊகித்தது. இடப்பக்கத்தில் சான்று இல்லாத ஊகத்துக்கு மதிப்பெண் கிடையாது. முதல் முறை பாதி வகுப்பு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.